கிரீஸ் தன் கிட்டாரைக் குளிப்பாட்டிய கதை

என் தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவனுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை. தெருவுக்கும் பட்டறைக்கும், கோபம் வந்தால் எனக்கும் அவன் கிரீஸ்தான். பைக் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறான். காலையில் மனிதனாகப் போவான், சாயங்காலம் சைலன்ஸருக்குள் படுத்து எழுந்தவனாகத் திரும்பி வருவான். குளிக்காமல் இல்லை, நன்றாகத் தேய்த்துத்தான் குளிப்பான். எண்ணெய் போய்விடும், கறுப்பு போகாது. அது அவன் நகக்கண்ணில் குடித்தனம் வைத்துப் பல வருஷம் ஆகிறது.

நான் வேலை பார்ப்பது சலவைக்கடையில். மை, ரத்தம், காபி, உதட்டுச் சாயம், எந்தக் கறை எதற்கு மசியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னைத் தோற்கடித்த ஒரே கறை என் கூடப் பிறந்தது. அவன் எங்கள் வீட்டின் பின்னறையில் இருக்கிறான். அந்த அறையின் விளக்கு சுவிட்சுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். கதவைக் கைப்பிடியில் பிடிக்காமல் அதற்கு ஒரு சாண் மேலே பிடித்துத் தள்ளுவதுதான் அவன் வழக்கம், ஆகவே கைப்பிடி பளிச்சென்றும் கதவு கன்னங்கரேலென்றும் இருக்கும். அவனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை. அவன் சோப்பைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கரித்துண்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்குப் பேசாமலும் இல்லை. ஓரிடத்தில் பெண்ணின் அப்பா மிகவும் மரியாதையாக எழுந்து வந்து இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு "இதோ வந்துட்டேன்" என்று உள்ளே போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் டீயைக் குடித்து முடித்து, சுவரில் மாட்டியிருந்த படங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவனே "விடுக்கா, எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிட்டான். வயதும் நாற்பதைத் தாண்டிப் போய்விட்டது.

இந்த ஆளிடம் ஒரு கிட்டார் வந்து சேர்ந்தது. வெளியூர் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் கிளட்ச் கேபிள் அறுந்துபோய்ப் பட்டறையில் நிறுத்தினான். கேபிளை மாற்றிக்கொண்டான், பெட்டியைக் கட்டிக்கொண்டான், கிட்டாரைக் கட்ட மட்டும் இடமில்லை. "அண்ணே, இங்க இருக்கட்டும், திரும்பி வரப்ப எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சாலை திரும்பி வரும் சாலை இல்லை போலிருக்கிறது. ஒரு வருஷம் தம்பி அதைத் தொடவே இல்லை. பிறத்தியார் பொருள் என்று டயர்களுக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். பிறகு ஒரு நாள் கொட்டுகிற மழை, வேலையும் இல்லை. எடுத்தான், ஒரு கம்பியைத் தட்டினான், ஆள் அதில் மயங்கிப்போனான்.

கிட்டாரின் கழுத்தில் நீளமாக ஒரு பலகை ஒட்டியிருக்கும். ஃபிரெட்போர்டு என்பார்கள். அதன் குறுக்கே உலோகக் கோடுகள் பதித்திருக்கும். எந்தக் கட்டத்தில் விரலை அழுத்துகிறோமோ அதற்குத் தக்கபடி சத்தம் மாறும். சில கிட்டார்களில் இடம் தெரிவதற்காகப் பலகையில் வெள்ளைப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். இவனுடையதில் அதுவும் கிடையாது, மொட்டைப் பலகை. இவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. ஒரு கட்டத்தில் விரலை வைப்பான், தட்டுவான். கேட்க நன்றாக இருந்தால் அங்கேயே திரும்பத் திரும்ப வைப்பான். நன்றாக இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டத்துக்குப் போவான். இன்ஜினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற அதே முகத்தோடு வருஷக்கணக்காகத் தேடினான். கடைசியில் ஒரே ஒரு ட்யூன் தேறியது. அதற்குப் பெயர் கிடையாது. எங்கள் வீட்டில் அதை "அது" என்றுதான் சொல்வோம். "என்னடா, இன்னிக்கு அது வாசிக்கலையா?"

அது நன்றாக இருக்கும். இதை நான் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஆனால் பாத்திரம் கழுவும்போது அது காதில் விழுந்தால் குழாயை மூடிவிட்டு நிற்பேன்.

இனி ஸ்பேர்ஸ் கடை அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய சாலையில் இருக்கும் உதிரிபாகக் கடையை நடத்துபவர். அந்தக் கடைக்குள் நான் ஒரு தரம் போயிருக்கிறேன். நட்டும் போல்ட்டும் விற்கிற இடம் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசை, கவுன்ட்டர் கண்ணாடியில் ஒரு விரல் தடம் கிடையாது, அந்த அம்மா எப்போதும் வெளிர் நிறத்தில்தான் உடுத்துவார். ஒரு கல்யாணம் நடந்து முறிந்தவர். அதைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்கு எது வேணா ஆகும், பொய் மட்டும் ஆகாது."

இவனுக்குப் பிஸ்டன் வந்துவிட்டது, பேரிங் வந்துவிட்டது என்று அவர்தான் போன் செய்து சொல்வார். ஒரு நாள் இவன் வாசித்துக்கொண்டே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

"யாரு அங்க வாசிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

"ரேடியோங்க" என்று இவன் சொல்லியிருக்கிறான்.

வெட்கம். நாற்பது தாண்டிய ஆளுக்கு வெட்கம்! மறுமுறை போன் வந்தபோதும் அதே ட்யூன். "என்னங்க, உங்க ரேடியோவுல ஒரே பாட்டுதான் வருமா?" என்று அவர் கேட்க, அதற்கு மேல் தாங்காமல் "நான்தாங்க வாசிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். பிறகு, "அப்ப மொதல்ல சொன்னது பொய்யா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு, "சரி, நேர்ல ஒரு நாள் கேக்கணும். கேட்டாத்தான் ரெண்டுல எது பொய்னு தெரியும்" என்றிருக்கிறார்.

இதை இவன் என்னிடம் சொல்லும்போது காது இரண்டும் சிவந்திருந்தன. நான் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்கு டீ குடிக்க வரச் சொல் என்றேன். சொன்னான். வருகிறேன் என்றார். அதோடு நில்லாமல், கடையில் இவன் கையில் வாங்கிய பேரிங் பெட்டியைக் காட்டி, "இதுல உங்க கைரேகை அப்படியே இருக்கு, யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு யாரையும் கேக்கவே வேண்டாம்" என்று சிரித்திருக்கிறார். அவர் சிரித்தார். இவன் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பிடித்தது சுத்தப் பைத்தியம். பட்டறைத் தரையைக் கழுவினான். பின்னறையை வெள்ளையடித்தான். என்னிடம் கறை நீக்கும் மருந்து கேட்டு வாங்கிக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தான். கடைசியில் கண் கிட்டார் மேல் விழுந்தது. அந்தப் பலகை முழுக்கக் கறுப்பு. கறுப்பிலும் அங்கங்கே திட்டுத் திட்டாக மேடு. நானும் அவனுமாக வாத்தியக் கடைக்குப் போய் எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டோம்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். "கம்பியை எல்லாம் கழட்டிருங்க. நல்லாப் பிழிஞ்ச ஈரத்துணியால தொடைங்க, இடுக்குல இருக்குறதுக்கு ஒரு பழைய டூத் பிரஷ் போதும். காஞ்சதும் இந்த எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு துணியில விட்டுத் தடவுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மிச்சத்தைத் தொடச்சி எடுத்துருங்க. அவ்ளோதான். பாட்டிலோட ஊத்திராதீங்க" என்றார். தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றுவது என்று இவன் சொல்லும்போது வாடிக்கையாளர்கள் தலையாட்டுவார்கள், அதே ஆட்டம். "சொல்றதைக் கேக்குறானுங்களா பாருக்கா, தலையை மட்டும் ஆட்டுறானுங்க" என்று அவர்களைத் திட்டுபவனும் இவன்தான்.

சனிக்கிழமை மத்தியானம் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் என்னுடைய பெரிய எவர்சில்வர் தட்டு. அதற்குள் கம்பியெல்லாம் கழற்றப்பட்டு மொட்டையாகக் கிட்டார் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பைக் செயின் கழுவுகிற திரவம். தம்பி குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். தட்டில் தார் மாதிரித் தண்ணீர். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆய்வுக்கூட உதவியாளர். எதையும் செய்ய மாட்டார், எல்லாவற்றையும் கவனிப்பார்.

"பிழிஞ்ச துணின்னு சொன்னாரேடா!"

"அக்கா, இது வருஷக்கணக்கான அழுக்கு. துணிக்கெல்லாம் மசியாது. செயின் கிளீனர்தான் சரி."

"அது என்ன பிரஷ்?"

"பழைய டூத் பிரஷ்தான்க்கா. அவரே சொன்னாரே."

"டேய், அதுல இன்னிக்குக் காலையிலதான்டா நான் பல்லு விளக்கினேன்!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ஆனால் அதற்குள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டேன். கறுப்பு போன இடத்தில் மரம் தெரிந்தது. நல்ல பழுப்பு, நடுவில் சிவப்பாக ஓடுகிற ரேகைகள். இத்தனை வருஷமும் நாங்கள் எல்லாரும் அந்தப் பலகையே கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தம்பியும்தான்.

"அடேயப்பா, எவ்ளோ அழகா இருக்கு பாருக்கா" என்றான், குழந்தை மாதிரி.

காய்ந்ததும் எண்ணெய். பாட்டில் கட்டைவிரல் உயரம்தான். அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து இவன் சிரித்தான். "இதை வச்சு ஒரு நட்டுகூட நனையாது." மூடியைத் திறந்து முழுப் பாட்டிலையும் கவிழ்த்துவிட்டான். ஊற்றாதே என்று சொன்னாரே என்று நான் அலறினேன். "அக்கா, எண்ணெய் ஜாஸ்தியாகிக் கெட்டுப்போன மெஷின் உலகத்துலயே கிடையாது" என்றான். இது மெஷின் இல்லையடா, மரம் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான்.

ஞாயிறு காலை. மிச்சமிருந்த எண்ணெயை என்னுடைய நல்ல டர்க்கி டவலால் துடைத்து எடுத்தான். அந்த டவலைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம். கம்பிகளை மாட்டினான். என் வீட்டுக்காரர் போனில் இருக்கும் ஒரு செயலியைப் பார்த்து "ஏத்து, ஏத்து, போதும், இறக்கு" என்று கிரேனுக்குக் கை காட்டுகிறவரைப் போல் சொல்லச் சொல்லச் சுருதி சேர்த்தான். கட்டிலில் உட்கார்ந்தான். கிட்டாரை மடியில் வைத்தான். குனிந்து பலகையைப் பார்த்தான்.

பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு கட்டத்தில் விரலை வைத்துத் தட்டினான். தப்பு. வேறொரு கட்டம். அதுவும் தப்பு. விரல் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் குனிந்து பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"அக்கா, எங்க வைக்கணும்?"

"என்னைக் கேட்டா? நீதானேடா வாசிக்கிறவன்!"

"இல்லக்கா. எங்கன்னு தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "மாப்ள, நீ எப்பவும் கீழ குனிஞ்சு பாத்துதானே வாசிப்ப?"

"ஆமா மாமா."

"என்னத்தைப் பாப்ப?"

தம்பி யோசித்தான். அவன் முகம் மெதுவாக வெளிறியதை நான் பார்த்தேன். அந்தத் திட்டுகள். நல்ல சத்தம் வந்த இடங்களிலேயே திரும்பத் திரும்ப வைத்த விரல்கள் அங்கங்கே அழுக்கை அப்பி அப்பி மேடாக்கியிருந்தன. அவனுக்கே தெரியாமல் அவன் கண் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அழுக்கைப் பார்த்து வாசித்த மகானுபாவன், அந்த அழுக்கைத் தன் கையாலேயே என் டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி முற்றத்தில் கொட்டியிருந்தான்.

முழுவதும் கொட்டவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து வந்தார். தட்டுத் தண்ணீரில் கொஞ்சம் பிடித்து மூடி போட்டு, தேதி எழுதி ஒட்டி வைத்திருந்தார். "மாதிரி எடுத்து வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. அதை வைத்து என்ன செய்ய என்று நான் கேட்டதற்கு, ஒட்டிய தேதியை விரலால் நீவிவிட்டார்.

பழைய போட்டோ இருக்கிறதா என்று போன்களைத் துழாவினோம். கிட்டாரோடு இவன் இருக்கும் ஒரே ஒரு படம் கிடைத்தது. நான் எடுத்தது. பலகை இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்கெட்ச் பேனா கொண்டுவந்து "சோதனை முறையில்" சில புள்ளிகளை வைத்தார். அவற்றை நம்பி இவன் வாசித்தான். மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அடிக்கும் அலாரம் இருக்கிறதே, அதைவிடக் கொஞ்சம் சோகமாக இருந்தது. புள்ளிகளை அழித்தோம்.

"அவங்களை வர வேண்டாம்னு சொல்லிரட்டுமாக்கா?" என்றான் மத்தியானம். சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை.

"சொன்னா என்ன நெனப்பாங்க?"

"மொதல்ல ரேடியோன்னேன். அப்புறம் நான்னேன். இப்ப வராதீங்கன்னா, ரேடியோதான் நெஜம், நான்கிறது பொய்னு நெனப்பாங்க."

"வந்தா?"

"வந்தா அதை நேர்லயே பாத்துருவாங்க."

கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. இவன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு இருந்துவிடுகிற சுபாவம். முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அதுவும் ஒரு பொய்க்காரன் பட்டத்தோடு கைநழுவிப் போகப் போகிறது. எழுந்து போய் அவனுடைய வெள்ளைச் சட்டையை இன்னொரு தரம் தேய்த்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்துக்கு அவர் ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளை ஸ்கூட்டர், துடைத்து வைத்தது. என்னை "மேடம்" என்றார். "நல்லா இருக்கீங்களா மேடம்", "டீ நல்லா இருக்கு மேடம்". எங்கள் வீட்டில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான், எனக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். என் கறை மருந்தில் ஊறிய கை இரண்டும் சிவந்து, வெளுத்து, யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்ததைப் போல் மடியில் கிடந்தன. அந்த அம்மா அவற்றைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து பிஸ்கட்டைக் கடித்தார்.

"கிட்டார் எங்க?" என்றார் பிறகு.

தம்பி எடுத்து வந்தான். மடியில் வைத்தான். மூச்சை இழுத்து விட்டான். "வாசிக்க வரலைங்க" என்றான்.

"ஏன்?"

"தொடச்சிட்டேன்."

அதோடு நிறுத்திவிட்டான். அவன் பேச்சு அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். அழுக்கு, திட்டு, கண்ணின் பழக்கம், விரலின் பழக்கம் எல்லாவற்றையும் விளக்கினார். விளக்க விளக்க, இதைவிடக் கேவலமான ஒரு பொய்யை உலகத்தில் யாரும் ஜோடித்திருக்க முடியாது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. உச்சக்கட்டமாக அந்தக் கறுப்புத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து டீ கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆதாரம்" என்றார்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தம்பி ஒரு தரம் முயற்சி செய்தான், விரல் வழுக்கிக் கம்பி "ப்ளொய்ங்" என்றது. குனிந்த தலை நிமிரவில்லை.

"பரவால்ல" என்றார் அந்த அம்மா. குரலை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. "போனை வண்டியிலயே வச்சிட்டேன், எடுத்துட்டு வரேன் மேடம்" என்று வெளியே போனார். திரும்பி வந்து கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே மிச்ச டீயைக் குடித்தார். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, "அப்ப நான் கிளம்புறேன்" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். மூன்று பேரும் வழியனுப்ப வாசலுக்குப் போனோம். அவர் பொத்தானை அழுத்தினார். வண்டி "கிர்ர்ர்" என்று இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். "கிர்ர்ர்."

"ஸ்டார்ட் ஆகல" என்றார்.

அதுவரை கம்பம் போல் நின்ற தம்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உயிர் வந்தவனாகக் குந்தினான். கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மூடியைத் திறந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன், எனக்கும் தெரிந்தது. ஸ்பார்க் பிளக்கின் தொப்பி கழன்று ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் வண்டி எந்த ஜென்மத்திலும் கிளம்பாது. இவனுடைய அக்காவாக இத்தனை வருஷம் இருந்ததில் இந்த அளவு எனக்கும் தெரியும். தம்பி அதைப் பார்த்தான். ஒரு கணம் அப்படியே இருந்தான். பிறகு விரலால் அழுத்தினான். "டக்" என்று உட்கார்ந்தது.

வேலை முடிந்தது. எழுந்திருக்க வேண்டியதுதானே?

"ஏர் ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கும் போல" என்றான், முகத்தைத் திருப்பாமல். "பாத்துரலாம்."

"பாருங்க" என்றார் அவர், அவனுக்கு எதிரே குந்திக்கொண்டு, வெளிர் நீல உடையோடு.

ஏர் ஃபில்டரைத் திறந்தான். கார்புரேட்டரைத் திறந்தான். பிரேக் கேபிள் தளர்ந்திருக்கிறது என்றான். இவன் கையை நீட்டுவதற்கு முன்னால் அவர் வண்டியின் டூல் பையிலிருந்து சரியான ஸ்பானரை எடுத்து நீட்டினார். நம்பர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் வாயில் வார்த்தை இல்லாத ஆள், கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் எப்படிக் கலக்கின்றன என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். நான் தேய்த்துக்கொடுத்த வெள்ளைச் சட்டையின் மார்பில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கையில் முழங்கை வரை. சலவைக்கடைக்காரி நான் வாயே திறக்கவில்லை.

கடைசியில் எழுந்து, "கை கழுவிட்டு வந்துடறேன்" என்றான்.

"கழுவ வேண்டாம்" என்றார் அவர். "அப்படியே வாங்க. கார்புரேட்டர்ல விட்ட இடத்துல இருந்து சொல்லுங்க."

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். பேசும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் அவனுக்கு, பட்டறையில் ஸ்பானர், வீட்டில் கிட்டார். பேச்சு மும்முரத்தில் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். "சோக் இழுத்தா காத்து குறையும், அப்பதான் குளிர்ல பிடிக்கும்…" அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போனவள் திரும்பிப் பார்த்தேன். அது. எங்கள் வீட்டு அது.

அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. திடுக்கிட்டுக் குனிந்து பலகையைப் பார்த்தான். உடனே விரல் தடுமாறி நின்றது.

"கீழ பாக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "சோக் இழுத்தா என்ன ஆகும்னு சொன்னீங்க?"

"காத்து குறையும்."

"அப்புறம்?"

அப்புறம் அவன் சொல்லச் சொல்ல, விரல்கள் தம் பாட்டுக்குப் போயின. ஒரு ட்யூன் முழுவதும், கார்புரேட்டர் முழுவதும். நடுநடுவே தப்பு விழுந்தது, எண்ணெய் வழுக்கியது, ஒன்றிரண்டு இடத்தில் "ப்ளொய்ங்" என்றது. என் வீட்டுக்காரர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை, ஆகவே சாக்கு சொல்ல முடியாது.

முடிந்தபோது, அந்தப் புத்தம்புதுப் பழுப்புப் பலகையில் விரல் வைத்த இடமெல்லாம் புதிதாகக் கறுப்புப் பொட்டுகள்.

தம்பி அவற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "பிளக் கேப் தானா கழண்டு விழாதுங்க."

"ம்."

"பொய் ஆகாதுன்னு சொன்னீங்களே."

"நான் என்ன பொய் சொன்னேன்? ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னேன். ஆச்சா?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏர் ஃபில்டர்ல தூசின்னு நீங்கதான் சொன்னீங்க. அது நேத்துதான் என் கடையில இருந்து எடுத்துப் போட்ட புது ஃபில்டர்."

தம்பியின் காது மறுபடியும் சிவந்தது. இம்முறை கழுத்து வரைக்கும்.

மறுபடியும் வழியனுப்பப் போனோம். ஸ்கூட்டர் ஒரே தொடுப்பில் கிளம்பியது. அப்போதுதான் நான் பார்த்தேன், அந்த வெள்ளை வண்டியின் முன்பக்கத்தில் என் தம்பியின் ஐந்து விரலும் பதிந்திருந்தன, அச்சு மாதிரி. எனக்கு உயிர் போய்விட்டது. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடி என் கறை மருந்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தேன்.

அவர் வண்டியைச் சற்றே பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"அதைத் தொடைக்காதீங்க, இருக்கட்டும்" என்றார். ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வரேன் அண்ணி" என்றார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை மூன்று பேரும் நின்றோம். நான் கறை மருந்து பாட்டிலை மூடினேன்.